ராவணனின் விமானமும் துர்காவின் பிறப்பும்

2019 ஜனவரி முதல் வாரம். மார்கழிக் குளிருக்கு மப்ளரைச் சுற்றிக்கொண்டு காலையில் டீக்கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி பேப்பரை என் முன்னால் போட்டார்.

"சார்வாள், இதப் பாத்தியளா? ராவணன்கிட்ட 24 ரகம் விமானம் இருந்துச்சாம். இலங்கையில ஏர்போர்ட்டும் இருந்துச்சாம். சொன்னது யாருன்னு பாருங்க, துணைவேந்தர்லா!"

அந்த 'துணைவேந்தர்லா'வில்தான் எல்லாம் இருந்தது. இதையே ஒரு கதாகாலட்சேபக்காரர் சொல்லியிருந்தால் அண்ணாச்சி கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். உண்மையா பொய்யா என்ற கேள்வியே வந்திருக்காது. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர், அதன் தலைமை நாற்காலியில் இருப்பவர் சொல்லும்போது கதை வேறு உருவம் எடுத்துக்கொள்கிறது. நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன் என்பதால் அன்று என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அன்று பாதிதான் சொன்னேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

பேசியவர் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஜி. நாகேஸ்வர ராவ். கனிம வேதியியல் பேராசிரியர், அதாவது என் பாடத்துக்காரர். பேசிய இடம் பஞ்சாபில் ஜலந்தரை ஒட்டிய லவ்லி புரொபஷனல் பல்கலைக்கழகம். 106-வது இந்திய அறிவியல் மாநாடு அங்கே நடந்தது. அதிலும் அவர் பேசியது குழந்தைகளுக்கான அமர்வில். காந்தாரிக்கு நூறு பிள்ளைகள் எப்படிப் பிறந்திருக்க முடியும்? நூறு முட்டைகளைக் கருவுறச் செய்து நூறு பானைகளில் வளர்த்தார்கள், அது சோதனைக் குழாய்க் குழந்தை, ஸ்டெம் செல் தொழில்நுட்பம் என்றார். விஷ்ணு சக்கரம் இலக்கைத் துரத்திப் போய்த் திரும்பி வரும் ஏவுகணை. தசாவதாரம் டார்வினுக்கு முந்திய பரிணாமக் கொள்கை. இந்தத் தொடரில்தான் ராவணனின் 24 ரக விமானங்களும் வந்தன.

அதே மாநாட்டில் நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் பேசினார். கண்ணன் ஜெகதள கிருஷ்ணன் என்பவர். நியூட்டனும் ஐன்ஸ்டைனும் தவறு, ஈர்ப்பு விசையை அவர்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, என் கொள்கை நிலைபெற்றால் ஈர்ப்பு அலைகளுக்கு 'நரேந்திர மோடி அலைகள்' என்று பெயர் வரும் என்றார். மத்திய அமைச்சர் ஹர்ஷ்வர்தனுக்கும் ஒரு 'விளைவு' ஒதுக்கினார்.

இங்கே பத்திரிகைகள் செய்ததையும் சொல்ல வேண்டும். இந்த இரண்டாமவரைச் சில செய்திகள் ஆழியாறில் இருக்கும் உலக சமுதாய சேவா சங்கத்தைச் சேர்ந்தவர் என்று எழுதின. நம்மில் பலருக்கு மனவளக்கலை மூலம் தெரிந்த அமைப்புதான். வெளிநாட்டுச் செய்தியில் அவர் 'தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக விஞ்ஞானி' ஆகிவிட்டார். அங்கிருந்து எடுத்து எழுதியவர்களும் அப்படியே எழுதினார்கள். பல்கலைக்கழகம் என்ற சொல்லை ஒட்டினால்தான் செய்திக்கு எடை கூடுகிறது போலும். தலைப்பைப் பார்த்தால் இந்திய விஞ்ஞானிகள் எல்லோரும் சேர்ந்து ஐன்ஸ்டைனை நிராகரித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ஆயிரக்கணக்கானவர்கள் கூடிய மாநாட்டில் இரண்டு பேர் பேசிய பேச்சு அது. அதே மாநாட்டுக்கு ஆவ்ரம் ஹெர்ஷ்கோ, டங்கன் ஹால்டேன், தாமஸ் சூடாஃப் என்று நோபல் பரிசு பெற்ற மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எங்கள் டீக்கடையில் யாருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

ஐன்ஸ்டைன் விஷயத்தை அண்ணாச்சிக்கு விளக்குவது சுலபமாக இருந்தது. செல்போனில் வழி காட்டுகிறதே, அதற்குத் தகவல் தரும் செயற்கைக்கோள்களின் கடிகாரம் தரையில் இருக்கும் கடிகாரத்தைவிட ஒரு நாளைக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். ஐன்ஸ்டைன் கணக்குப்படி அதைத் திருத்தித்தான் அனுப்புகிறார்கள். திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டர் பிசகிவிடும். சுரண்டையில் நிற்கும் நம்மை சாம்பவர் வடகரைக்கும் அப்பால் நிற்பதாகக் காட்டும். "அப்போ அந்த மனுசன் சொன்னது சரிதான்" என்று ஐன்ஸ்டைனை அண்ணாச்சி ஏற்றுக்கொண்டார். ராவணன்தான் சிக்கல்.

அந்த மாநாட்டின் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1914 ஜனவரியில் கல்கத்தா ஆசியச் சங்கத்தில், அசுதோஷ் முகர்ஜி தலைமையில், 105 விஞ்ஞானிகளோடு தொடங்கியது. அதற்கு விதை போட்ட இரண்டு வெள்ளைக்கார வேதியியல் பேராசிரியர்களில் ஒருவரான ஜே. எல். சைமன்சன் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலை பார்த்தவர். இரண்டாம் மாநாடே சென்னையில்தான் நடந்தது. அப்படிப்பட்ட மேடை. 2015-ல் மும்பையில் நடந்தபோதும் இதே மாதிரி ஒரு கூத்து. ஓய்வு பெற்ற விமானப் பயிற்சி அதிகாரி ஆனந்த் போடாஸ் என்பவர் வேத காலத்தில் கிரகம் விட்டுக் கிரகம் பறந்த விமானங்கள் இருந்தன என்று கட்டுரை படித்தார். நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், சிதம்பரத்தில் பிறந்தவர், இந்த மாநாட்டை ஒரு சர்க்கஸ் என்று சொல்லிவிட்டு இனி வரமாட்டேன் என்றார்.

போடாஸ் ஆதாரமாகக் காட்டியது 'வைமானிக சாஸ்திரம்' என்ற நூலை. பரத்வாஜ முனிவர் செய்தது என்று பெயர். இதைப் பற்றி நம் ஊர்களில் அதிகம் பேர் அறியாத ஒரு செய்தி உண்டு. 1974-லேயே பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் விமானவியல், இயந்திரவியல் துறைகளைச் சேர்ந்த ஐந்து பேர், எச். எஸ். முகுந்தா, எஸ். எம். தேஷ்பாண்டே முதலானவர்கள், கேலி எதுவும் செய்யாமல் உட்கார்ந்து இந்த நூலை ஆராய்ந்திருக்கிறார்கள். நூல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனார்கள். ஆனேக்கல்லைச் சேர்ந்த பண்டிட் சுப்பராய சாஸ்திரி என்பவர் 1918-க்கும் 1923-க்கும் இடையில் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியிருக்கிறார். படங்களைப் பெங்களூரில் ஒரு வரைவாளரைக் கொண்டு வரைய வைத்திருக்கிறார்கள். நூலின் சமஸ்கிருதம் வேத காலத்துச் சமஸ்கிருதம் அல்ல, நவீனமானது. 1904-க்கு முன்னால் இந்த நூல் இருந்ததற்குத் தடயம் இல்லை. பிறகு சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என்று அதில் விவரித்திருக்கும் நான்கு விமானங்களையும் எடை, விசை, இறக்கை என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் பறக்காது என்று முடித்தார்கள்.

அந்த ஐந்து பேரில் ஒருவரான எச். ஆர். நாகேந்திரா பிற்காலத்தில் யோகாவுக்கென்றே பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தை உருவாக்கியவர். நம் மரபின் மேல் அக்கறையில்லாதவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது.

இந்த ஆராய்ச்சியைச் சொன்னபோது கடையில் இருந்த ஒரு தம்பி, "ஒரிஜினல் ஓலைச்சுவடியை வெள்ளைக்காரன் கொண்டுபோயிட்டான் சார், அதனாலதான் இவங்களுக்குக் கிடைக்கல" என்றான். இதற்கு என்ன பதில் சொல்வது? ஆதாரம் எங்கே என்று கேட்டால், ஆதாரத்தைத் திருடிவிட்டார்கள் என்பதே ஆதாரமாகிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் வரும் பாதிச் செய்திகளுக்கு வால் இதுதான். நான் அந்தத் தம்பியைக் கோபிக்கவில்லை. கோபிக்க எனக்கு அருகதை இல்லாமல் போனது 1996-ல்.

ராமர் பிள்ளையை மறந்திருக்க மாட்டீர்கள். ராஜபாளையம் பக்கம் இடையன்குளத்துக்காரர். மூலிகையைப் போட்டுத் தண்ணீரைக் காய்ச்சிப் பெட்ரோல் எடுக்கிறார் என்று நாடே பேசியது. டெல்லியில் விஞ்ஞானிகள் முன்னால் செய்து காட்டினார். முதலில் பார்த்தவர்களில் பெரிய பதவியில் இருந்தவர்களே வியந்து போனார்கள். அது பத்திரிகையில் வந்ததும் நமக்கு வேறென்ன வேண்டும்? சங்கரன்கோவில் தாண்டினால் அவர் ஊர், நம்ம பக்கத்து ஆள். ஆசிரியர் அறையில் நான் அவர் கட்சி. தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது, மூலிகையில் கார்பன் இருக்கிறது, ஏன் முடியாது என்று வாதாடினேன். வேதியியல் தெரிந்தவன் தப்பாக வாதாடினால் மற்றவர்களால் மறுக்க முடியாது. அந்த ருசியும் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின் வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "சார், காய்ச்சுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டுப் பாத்தாங்களா?" என்றான்.

உட்காருடா என்றேன். வெளிநாட்டுக்காரன் செய்தால் நம்புவாய், நம்ம ஊர்க்காரன் செய்தால் எடை கேட்பாயா என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு சென்னை ஐஐடியில் நடந்த சோதனையில் விஷயம் தேறவில்லை. கலக்குகிற குச்சியின் உள்ளே எரிபொருளை மறைத்து வைத்திருந்ததாக விஞ்ஞானிகள் சொன்னார்கள். உடனே எண்ணெய்க் கம்பெனிகளின் சதி என்று பேச்சு கிளம்பியது. நானும் கொஞ்ச நாள் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு சென்னையில் கடை போட்டே அந்த எரிபொருளை விற்றார்கள், சிபிஐ வழக்குப் போட்டது, டொலுவின், நாப்தா போன்றவற்றின் கலவை என்று தெரிந்தது. 2016 அக்டோபரில் எழும்பூர் நீதிமன்றம் 3 ஆண்டு தண்டனை விதித்தது. அவரை முதல் பக்கத்தில் போட்ட பத்திரிகைகள் அந்தத் தீர்ப்பை எத்தனையாம் பக்கத்தில் போட்டன என்பதை நீங்களே நினைவுபடுத்திப் பாருங்கள். அந்தப் பையனை நான் அப்புறம் பார்க்கவில்லை.

2019 பேச்சுக்கு இம்முறை எதிர்ப்பு சீக்கிரமே வந்தது. சில ஊர்களில் விஞ்ஞானிகளும் மாணவர்களும் பதாகை பிடித்து நின்றார்கள். மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் விஜயராகவன் வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார். மாநாட்டுச் சங்கம் இனிப் பேசுபவர்களிடம் முன்கூட்டியே சுருக்கம் வாங்கிப் பார்ப்போம் என்றது. நல்ல காரியம். ஆனால் மாநாட்டின் கதை அதற்குப் பின் நெடுநாள் போகவில்லை. 2023 ஜனவரியில் நாக்பூரில் நடந்தது. அதே வருஷம் அரசு நிதியை நிறுத்திக்கொள்ள, 2024 ஜனவரியில் நடக்க வேண்டியது நடக்கவில்லை.

எனக்கு அதிகம் வலித்தது விமானம் அல்ல, சோதனைக் குழாய்க் குழந்தை. அந்தச் சொல்லைக் காந்தாரியோடு சேர்த்துக் கேட்டபோது எனக்கு சுபாஷ் முகோபாத்யாயாவின் நினைவு வந்தது. கல்கத்தா டாக்டர், மருத்துவக் கல்லூரி ஆசிரியர். உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்தது 1978 ஜூலை 25. அதற்கு 70 நாள் கழித்து, அக்டோபர் 3-ம் தேதி, கல்கத்தாவில் துர்கா என்று பெயரிட்ட பெண் குழந்தை பிறந்தது. சுனித் முகர்ஜி, சரோஜ் காந்தி பட்டாசார்யா என்ற இரண்டு சகாக்களோடு, சொற்பக் கருவிகளை வைத்துக்கொண்டு சுபாஷ் அதைச் சாதித்தார். ஹார்மோன் கொடுத்துக் கருமுட்டைகளை எடுத்து, உருவான கருவை உறைநிலையில் வைத்திருந்து, பிறகு தாயின் வயிற்றில் வைத்தார். உறைய வைத்த கருவை இங்கிலாந்துக்காரர்கள் பயன்படுத்தவில்லை. வெளிநாட்டில் அந்த முறை பலித்ததே 1983-ல்தான்.

செய்தி பத்திரிகையில் வந்தது. அதுவே அவருக்கு வினையாகப் போனது. அரசிடம் சொல்லாமல் பத்திரிகைக்குச் சொன்னது ஒரு குற்றச்சாட்டு. சின்ன ஃபிளாட்டில் ஒரு ஃபிரிட்ஜை வைத்துக்கொண்டு இதைச் செய்தேன் என்பது இன்னொரு குற்றச்சாட்டு! மேற்கு வங்க அரசு விசாரணைக் குழு போட்டது. அதன் தலைவர் ஒரு வானொலி இயற்பியலாளர். கருவியலில் தேர்ந்தவர்கள் விசாரிக்க வேண்டிய விஷயத்தை அவர்கள் விசாரித்து, நம்ப முடியாது என்று எழுதிவிட்டார்கள். ஜப்பானில் போய்த் தன் வேலையைச் சொல்ல அழைப்பு வந்தது, போக விடவில்லை. கடைசியில் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19, கல்கத்தா வீட்டில் தற்கொலை செய்துகொண்டார். ஐம்பது வயது.

அதன்பின் 1986 ஆகஸ்டில் பம்பாயில் பிறந்த ஹர்ஷாவே இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று பாடப் புத்தகம் வரைக்கும் போயிற்று. அந்தச் சாதனைக்குக் காரணமான விஞ்ஞானிகளில் ஒருவர் டி. சி. ஆனந்த் குமார். 1997-ல் ஓர் அறிவியல் மாநாட்டுக்காகக் கல்கத்தா போனபோது சுபாஷின் ஆராய்ச்சிக் குறிப்புகள் அவர் கைக்கு வந்தன. படித்தார். துர்காவின் பெற்றோரிடம் பேசினார். திரும்பி வந்து 'கரண்ட் சயின்ஸ்' இதழில், முதலிடம் எனக்கல்ல, சுபாஷுக்குத்தான் என்று எழுதினார். தன் பெயரில் இருந்த பெருமையைத் தானே எழுந்து இன்னொருவருக்குக் கொடுத்த மனிதர். இதைப் பற்றி நம் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த முதல் பக்கச் செய்தி எதுவும் என் கண்ணில் படவில்லை.

இந்தக் கதையை அன்று சொல்லவில்லை. போன மாதம்தான் அண்ணாச்சியிடம் சொன்னேன். டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ராவணனையோ துணைவேந்தரையோ அவர் பேச்சில் எடுக்கவில்லை.

"அந்தப் பிள்ளை துர்கா, இப்போ எங்க சார்வாள் இருக்கு?"

நன்றாக இருக்கிறாள், வளர்ந்து நானே துர்கா என்று எல்லோர் முன்னாலும் வந்து நின்று பேசினாள் என்றேன்.

"அந்த டாக்டர் பாக்கலியே" என்றார்.