உத்திரத்தில் பிறந்த நாயனம்

எனக்கு முதலில் வாய்த்த நாயனம் பச்சை மரத்தில் கடைந்தது. அது தெரியாமல் அப்பா கடன்பட்டு வாங்கித் தந்தார். ஒரு தை மாதக் கல்யாணத்தில், மாப்பிள்ளை அழைப்பு முடிவதற்குள் மத்திமம் நிற்க மறுத்தது. ஊதும் சீவாளியை மாற்றியும் வழிக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கருகே பிடித்தால், குழலான உலவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

அதன் பிறகுதான் நரசிங்கம்பேட்டைக்குப் போனேன். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே, திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊர். பட்டறைச் சுவரில் சாத்தியிருந்தவை எல்லாம் இடித்த வீடுகளின் உத்திரங்கள். ஆச்சாமரம். ஆணித்துளையும் அடுப்புப் புகையும் அப்படியே இருந்தன. இரண்டு மூன்று தலைமுறைக்குக் கூரையைத் தாங்கிய கட்டையைத்தான் அங்கே கடைவார்கள்.

நாதம் பிறப்பது குழலுக்குள் இருக்கும் காற்றில். மரம் அதற்கு வீடு. சுவாமி புறப்பாடு என்றால் மணிக்கணக்கில் ஊதுகிறோம். மூச்சின் சூடும் ஈரமும் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். பச்சை மரம் அந்த ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். குழலின் உள்ளளவு நூலளவு பிசகினாலும் சுருதி விலகிவிடும். பழைய ஆச்சா தன் அசைவையெல்லாம் கூரையிலேயே முடித்துவிட்டு வந்தது. அடியில் மாட்டும் அனசிலும் மர அனசுதான் எனக்குப் பிடிக்கும். பித்தளை அனசு மாட்டினால் ஓசையில் ஒரு கூர்மை ஏறுவதாக என் காதுக்குப் படுகிறது. கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயிலில் கல்லிலேயே ஒரு நாயனம் உண்டு. அந்தக் கனத்தைத் தூக்கி நிறுத்தி ஊதியவர்களை எண்ணிக் கைகூப்பத் தோன்றுகிறது.

முன்பு திமிரி நாயனம்தான் வழக்கம். குட்டை, உச்சமான சுருதி. தெருக்கோடி வரை கேட்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீண்ட பாரி நாயனத்தைக் கையில் எடுத்த பிறகு இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் ராகம் ஆற அமர விரிந்தது. சுத்த மத்திமத்தை உதட்டாலேயே பிடித்து நிறுத்த வேண்டியிருந்த சிரமத்தை, 1950-களில் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி துளையமைப்பிலேயே தீர்த்துவைத்தார். நாங்கள் இன்று நிம்மதியாக வாசிப்பது அவர் போட்ட கணக்கில்தான். 2022-இல் ஊரின் நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவரை நினைத்துக்கொண்டேன்.

இப்போது வீடெல்லாம் கான்கிரீட். உத்திரம் கிடைப்பது அரிதாகிவிட்டது. என் நாயனத்தில் நான்காம் துளைக்குக் கீழே, ஏதோ ஒரு வீட்டு ஆணியின் துரு இறங்கிய கறுப்புப் புள்ளி இருக்கிறது. வாசிக்கும்போது விரல் அதன்மேல் போய் உட்காரும்.