வேலை குறையும் மாதத்தில் செய்ய வேண்டிய வேலை

நான் பத்தாவது வரை படித்த இல்லத்தரசி. எங்கள் குழுவில் வத்தல், வடகம், அப்பளம் போட்டு விற்கிறோம். இந்த மலருக்கு ஒரு வரலாறு எழுதுகிறேன். வியாபாரம் டல்லாகும் மாதங்களில் நமக்கு முன்னால் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் அந்த வரலாறு.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் பார்த்தவரை நம் பெண்கள் தொழிலை விடுவது அந்த மாதங்களில்தான். விற்பனை நின்றாலும் கடன் தவணை நிற்காது. கையில் இருந்த முதல் அரிசிக்கும் ஸ்கூல் பீஸுக்கும் போய்விடும். சீசன் வரும்போது உளுந்து வாங்கக் காசு இருக்காது, மறுபடி வட்டிக்குத்தான் போகணும்.

நம் பக்கம் வருஷத்தில் இரண்டு முறை இப்படி ஆகிறது. ஒன்று மீன்பிடி தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று 2001ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் இது நடைமுறையில் இருக்கிறது. முதலில் 45 நாள்தான் இருந்தது. 2017இலிருந்து 61 நாள், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பைபர் படகு, கட்டுமரத்துக்குத் தடை இல்லை. ஆனாலும் 2004 சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் குடியிருப்புகளுக்கு வந்த கடலோரக் குடும்பங்களில் பல பேருக்குக் காசிமேட்டு விசைப்படகை நம்பித்தான் பிழைப்பு. மீன் கூடைக்காரம்மா முதல் இட்லிக் கடை அக்கா வரை எல்லாருக்கும் அப்போது கை சுருங்கும். இன்னொன்று ஐப்பசி, கார்த்திகை மழை. மாடியில் போட்ட வடகம் காயாது.

தடைக்காலத்தில் காசிமேடு போய்ப் பாருங்கள். படகு நிற்கும், ஆனால் வேலை நிற்காது. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், இன்ஜின் பிரிப்பார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். சீசனில் ஒரு நாள் படகு நின்றாலும் நஷ்டம். அதனால் ரிப்பேரையெல்லாம் இந்த 61 நாளில் முடித்துவிடுகிறார்கள்.

பெண்கள் தொழிலில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் லிஜ்ஜத் அப்பளம். 1959 மார்ச் 15ஆம் தேதி, பம்பாய் கிர்காமில் ஏழு குஜராத்திப் பெண்கள் ஒரு மொட்டை மாடியில் கூடினார்கள். கையில் 80 ரூபாய் கடன். முதல் நாள் போட்டது நான்கு பாக்கெட் அப்பளம். கணக்கைச் சரியாக எழுதணும், மட்டமான ரகம் போடக் கூடாது, ஒரே தரமாகப் போடணும் என்று சகன்லால் கரம்ஷி பரேக் என்ற பெரியவர் சொல்லிக்கொடுத்தார்.

மூன்று மாதத்தில் 25 பெண்கள் ஆனார்கள். அப்புறம் மழை வந்தது. பம்பாய் மழை நம்ம ஊர் மழை மாதிரி இல்லை, ஜூனில் பிடித்தால் நாலு மாதம் விடாது. அந்த வருஷம் நாலு மாதமும் அப்பளம் போடவே முடியவில்லை. முதல் வருஷ விற்பனை 6,196 ரூபாய்.

அடுத்த வருஷ மழைக்கு அவர்கள் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டில்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்துக் காயவைத்தார்கள். அவ்வளவுதான், பெரிய மெஷின் ஒன்றும் இல்லை. மழை பெய்தாலும் வேலை நடந்தது. மூன்றாம் வருஷத்தில் 300 பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். மாடியில் இடம் போதாமல், மாவைப் பிசைந்து கொடுத்து வீட்டில் தேய்த்துவரச் செய்தார்கள். இன்று அதில் 40,000 பெண்களுக்கு மேல் இருக்கிறார்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மாவுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதில் நான் கவனித்தது ஒன்றுதான். மழை வந்தால் லீவு என்று அவர்கள் பழகிக்கொள்ளவில்லை. எதனால் வேலை நின்றதோ, அந்த ஒரு காரணத்தைப் பிடித்து அதற்கு வழி செய்தார்கள்.

நமக்கும் இது ஒத்துவரும். தடைக்காலம் வருவதும் கத்திரி வெயில் அடிப்பதும் ஒரே சமயம். விற்பனை குறைவு, வெயில் அதிகம். அதனால் எங்கள் குழுவில் ஏப்ரல், மே மாதத்தில் வடகத்தை மொத்தமாகப் போட்டு, ஈரம் படாமல் டின்னில் அடைத்து வைக்கிறோம். மழை மாதத்தில் அதுதான் விற்கிறது. கருவாடு போடுகிறவர்கள் மார்ச்சுக்குள் சரக்கு சேர்த்துவைத்தால், பெரிய மீன் வரத்து இல்லாத தடைக்காலத்தில் நல்ல விலை கிடைக்கும். வெயிலிலும் வேலை செய்ய முடியாது, சரக்கும் இல்லை என்கிறவர்களுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை இருக்கிறது. உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுப்பது, பாக்கெட்டுக்கு லேபிள் அடிப்பது, ஒரு பாக்கெட்டுக்கு அடக்க விலை எவ்வளவு என்று நம் கூலியையும் சேர்த்துப் போட்டுப் பார்ப்பது, வராத பாக்கியை வசூல் செய்வது. சீசனில் இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். மீன்வளத் துறையின் மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில், நல்ல மாதங்களில் நாம் கட்டும் 1,500 ரூபாயோடு அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் தருகிறது. அந்த முறையை நம் குழுவிலும் வைத்துக்கொள்ளலாம். சந்தாவோடு சீசன் மாதத்தில் கொஞ்சம் தனியாக எடுத்துவைத்தால் உளுந்துக்கும் டின்னுக்கும் ஆகும். அந்தப் பணத்தை வீட்டுச் செலவுக்குத் தொடக் கூடாது.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் இது. மார்ச் கூட்டத்திலும் செப்டம்பர் கூட்டத்திலும் ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதட்டும். வரப்போகும் டல் மாதத்தில் எதனால் நம் வேலை நிற்கும்? அதற்கு இந்த முறை என்ன செய்யப்போகிறோம்? அடுத்த கூட்டத்தில் அதை வாசித்துப் பார்த்துவிட்டு மற்ற பேச்சை ஆரம்பிக்கலாம்.