ஒட்டுக்கோடும் லைன் வீடும்

கோவைப் பட்சிராஜா பிலிம்ஸின் 'ஜகதலப்பிரதாபன்' (1944) படத்தில் ஒரு பாட்டு. பாடுவதும் பி.யு. சின்னப்பா, பக்கவாத்தியம் வாசிப்பதும் சின்னப்பா. ஒரே சட்டகத்தில் ஐந்து பேர். சட்டகத்தின் ஒரு பகுதியை மறைத்து எடுப்பது, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி மறைத்த பகுதியில் மறுபடி எடுப்பது. அன்றைய தந்திரக் காட்சியின் சூத்திரம் இதுதான். கேமரா இம்மி அசைந்தாலும் ஒட்டுக்கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருவன் உழைப்பைப் பலவாகக் காட்டும் வித்தை அது. அதே மாவட்டத்து மலையில் நடந்ததோ எதிர் வித்தை: ஆயிரம் கைகளின் உழைப்பு ஒரு தேயிலைப் பொட்டலமாகச் சுருங்கும், கைகள் காணாமல்போகும். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் அந்தக் கைகளை 1969இல் ஆங்கில நாவலாக எழுதினார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது 'எரியும் பனிக்காடு' ஆகத் தமிழுக்கு வர 2007 ஆயிற்று.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது, வீடியோவும் பரவியது. டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூணு படம் பார்ப்பது திருவிழா மாதிரி. விஎச்எஸ் நாடாவின் தெளிவு ஏறக்குறைய 240 கோடுகள். அந்த மங்கலில் ஒட்டுக்கோடு ஒளிந்துகொள்ளும். பிறகு வந்த விசிடியில் 352க்கு 288 புள்ளிகள், டிவிடியில் 720க்கு 576. தெளிவு கூடக்கூட வித்தையின் தையல் தெரிய ஆரம்பிக்கும். "என்னங்க, கோடு தெரியுது" என்று சலித்துக்கொள்கிறோம். அந்தக் கோடு தொழிலாளியின் கைரேகை. புதுப்பிக்கிறோம் என்று அதைக் கணினியில் துடைத்தெடுப்பது உழைப்பை இரண்டாம் முறை மறைப்பதாகும்.

சேகரிப்பைப் புதுப்பிக்கப் பணம் போதும் என்பது நடுத்தர வர்க்கக் கணக்கு. வீட்டுச் சேகரிப்புக்கு முதலில் வீடு வேண்டும். வால்பாறையில் லைன் வீடு கம்பெனியுடையது. வேலையிலிருந்து ஓய்வு என்றால் வீட்டையும் காலி பண்ணணும். போதாததற்கு மழை: பக்கத்துச் சின்னக்கல்லாறு தென்னிந்தியாவில் மிக அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. காந்த நாடாவுக்குப் பூஞ்சணம்தான் எமன். மூட்டை கட்டும்போது முதலில் கழிபடுவது கேசட்டு.

சினிமாவைச் சந்தை ஒவ்வொரு வடிவமாகத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். கல்யாணம், காதுகுத்து, சங்க ஊர்வலம் என்று எடுத்த நாடாக்களைத் தூக்கிவர யாருமில்லை. அவற்றுக்கு இரண்டாம் பிரதி கிடையாது. 2016இல் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் டெக் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஓடும் டெக் ஒன்றும் ஒரு கணினியும் தொழிற்சங்க அலுவலகத்தில் இருந்தால் போதும். வரலாற்றின் ஒரு பகுதியைப் பூஞ்சணத்திடமிருந்து மீட்கலாம். அதையும் சந்தையே செய்யும் என்று காத்திருந்தால், மிஞ்சுவது ஐந்து சின்னப்பாக்கள் மட்டும்தான்.