பன்மடிக் காப்புநகல் மென்பொருள்

பன்மடிக் காப்புநகல் மென்பொருள் என்பது ஒரே தரவை ஹார்ட் டிஸ்க், காந்த நாடா, கிளவுட் போன்ற பல சேமிப்பகங்களில் தனித்தனி நகல்களாக எழுதி வைக்கும் பேக்கப் மென்பொருள்.

1988இல் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் வகைப்படுத்திய, பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு அமைப்பின் முதல் நிலையும் இரட்டை நகல்தான். ஆனால் அங்கே ஒரு டிஸ்க்கில் அழித்த கோப்பு மறு டிஸ்க்கிலும் அக்கணமே அழிந்துவிடும். காப்புநகலோ பழைய நிலையைக் காலமுத்திரையுடன் பாதுகாக்கிறது.

வடிவமைப்பில் கடினமான பகுதி, எழுதும்போது நேரும் பிழையைக் கையாள்வது. மூலக்கோப்பை ஒரே முறை படித்து, ஷா-256 போன்ற சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டபடியே எல்லா இலக்குகளுக்கும் அனுப்புவது நல்ல முறை. இரண்டு முறை படித்தால் இடையில் கோப்பு மாறி, நகல்கள் வேறுபடக்கூடும். ஒரு டிஸ்க் நிரம்பிவிட்டால் மற்றவற்றில் எழுதும் வேலை நிற்கக் கூடாது. நின்றுபோன நகல் 'முழுமையற்றது' என்று நகல்களின் பட்டியலில் பதிவாக வேண்டும். கோப்பு முதலில் தற்காலிகப் பெயரில் எழுதப்பட்டு, தரவு டிஸ்க்கில் இறங்கியது உறுதியான பின்னரே உண்மைப் பெயர் பெறும். பட்டியலின் பிரதி ஒவ்வொரு சேமிப்பகத்திலும் இருப்பது அவசியம். இல்லையேல் எஞ்சிய ஒற்றை டிஸ்க்கிலிருந்து மீட்பது பெரும்பாடு.

மூன்று நகல், இரு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதியைப் பரப்பியவர் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமிக்கும் இணையதளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நேர்ந்த தரவிழப்பு முக்கியச் சான்று. முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, மென்பொருள் பதிப்பு முரண்பாட்டால் வழக்கமான காப்புநகல்கள் உருவாகவே இல்லை என்பது தெரியவந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த வேறொரு நகலிலிருந்தே தளம் மீட்கப்பட்டது.