ஆடி மொய்யும் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டும்

2019. ஆடி பிறந்து நாலைந்து நாள்தான் இருக்கும். புதுக்கோட்டையிலிருந்து மாமா போன் பண்ணினார். "மாப்ள, கம்ப்யூட்டர்ல கோடு கோடா வருது. ரெண்டு நாள் லீவு கெடைக்குமா?"

மாமா கீழ ராஜ வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் டிடிபி கடை வைத்திருக்கிறார். பூச்சொரிதல் நோட்டீஸ், காதணி விழாப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் 2008இல் வாங்கிய அதே டெஸ்க்டாப்பில்தான். விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர் 7, பிரிண்டர் போர்ட்டில் செருகிய பூட்டுக்கட்டை ஒன்று. அந்தக் கட்டை இருந்தால்தான் தமிழ் எழுத்துரு மென்பொருள் திறக்கும். "புதுசு வாங்கிடலாமே மாமா" என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அப்படிச் சொல்ல முடியவில்லை. வடகாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மூன்று நாளாகக் கடை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்.

வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் ஆடியில் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். அன்பளிப்பு மாதிரி தெரிந்தாலும் அது வட்டியில்லாக் கடன். ஒருவர் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வைப்பார். வந்த மொய்யை மற்றவர் வைக்கும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்யணும். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. மொய் நோட்டு மட்டும்தான். பெரியவர் 2014 ஆடியில் வைத்தவர். அவருடைய நோட்டு 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் ஓட்டோடு போய்விட்டது. ஆனால் விருந்து முடிந்த கையோடு அந்தப் பட்டியலை மாமாதான் டைப் அடித்துக் கொடுத்திருந்தார். ஃபைல் இருக்கிறது, திரைதான் இல்லை.

நீங்கள் கேட்கப்போவதைத்தான் நானும் முதலில் செய்தேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். ஃபைல் பத்திரமாக இருந்தது. பேஜ்மேக்கர் இல்லாமல் அது திறக்காது. உள்ளே எட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக ஒரு குப்பை. யூனிகோடு நம் ஊர்க் கடைகளுக்கு வருவதற்கு முன்னால் ஒவ்வொரு மென்பொருளும் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை அடுக்கி வைத்திருந்தது. எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பது அந்தப் பூட்டுக்கட்டைக்குப் பின்னால் இருந்தது. அந்த இயந்திரமேதான் வேண்டும்.

அதனால் டப்பாவைத் திறந்தோம். சுவிட்ச் போட்டால் ஒரு நீள பீப், இரண்டு குட்டி பீப். அந்த போர்டின் பயாஸ் மொழியில் 'டிஸ்பிளேயில் கோளாறு' என்று அர்த்தம். எப்போதாவது திரை வந்தாலும் விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே செங்குத்தாகக் கோடுகள். அப்படியென்றால் டிரைவர் பிரச்சினை இல்லை, இரும்பிலேயே நோய். கார்டின் பொன்னிறக் காலை அழிரப்பரால் தேய்த்தோம். கெப்பாசிட்டர் எதுவும் உப்பியிருக்கவில்லை. சர்வீஸ் கடைத் தம்பி போன மாதமே ஹாட் ஏர் வைத்து சிப்பைச் சூடு பண்ணிக் கொடுத்திருந்தாராம், மூன்று வாரம் நன்றாக ஓடியதாம். "திரும்ப சூடு காட்டலாமாண்ணே?" என்றார். வேண்டாம் என்றேன். அதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முன், இப்படி ஒரு கார்டு ஏன் தனியாகத் தொங்குகிறது என்பதையும் சொல்லணும்.

1981இல் ஐபிஎம் முதல் பிசியை விற்றபோது தாய்ப்பலகையில் திரைக்கான வழியே கிடையாது. ஸ்லாட்டில் ஒரு கார்டை நீங்கள்தான் செருகணும். ஐபிஎம் கொடுத்த இரண்டில், ஒன்று எழுத்தை அழகாகக் காட்டும். ஆனால் அதன் சிப்பில் சுட்டு வைத்த எழுத்துகளை மட்டும்தான், அதாவது ஆங்கிலம். இன்னொன்று புள்ளிபுள்ளியாகப் படம் வரையும், ஆனால் கரடுமுரடாக. அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாய்லாந்துக்காரர் வான் சுவன்னுகுல் இரண்டிலும் தன் தாய் எழுத்து உருப்படியாக வரவில்லை என்று தானே ஒரு கார்டு செய்தார். 1982இல் வந்த ஹெர்குலிஸ் கார்டு அது. குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 348. எண்பதுகளில் உலகம் முழுக்கப் பரவிய அந்தக் கார்டுக்குக் காரணம் கேம் இல்லை. மேலும் கீழும் குறி ஏறும் ஆசிய எழுத்து ஒன்று. எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் இது.

நம் எழுத்தும் ஸ்லாட் வழியாகத்தான் உள்ளே வந்தது. ஐஐடி கான்பூரில் தொடங்கிய ஒரு வேலை, பின்னர் 1988இல் உருவான புனேயின் சி-டாக் நிறுவனத்தில் ஜிஸ்ட் கார்டு ஆனது. அதைச் செருகினால் டாஸில் ஓடும் சாதாரண மென்பொருளிலேயே தேவநாகரி, தமிழ், தெலுங்கு எல்லாம் தெரியும். அதாவது, அன்றைக்கு ஒரு பிசிக்குத் தமிழ் தெரியுமா என்பது ஒரு பச்சைப் பலகையைச் செருகியிருக்கிறோமா என்ற கேள்வி. விண்டோஸ் வந்து எழுத்தையே படமாக வரைய ஆரம்பித்த பிறகுதான் அந்தத் தனிக் கார்டுக்கு வேலை போயிற்று. அந்த வேலை கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழுந்தது. மாமா கடையில் இருந்தது அந்த வம்சத்தின் ஒரு கடைசிப் பிள்ளை.

இப்போது சூட்டுக்கு வருவோம். மாமா வீட்டில் ஈயச் சொம்பில் ரசம் வைப்பார்கள். அது வெள்ளீயம். பத்த வைக்கிற ஈயத்தில் வெள்ளீயமும் காரீயமும் கலந்திருக்கும். 63க்கு 37 என்று கலந்தால் 183 டிகிரியில் உருகும், இளகி வளைந்து கொடுக்கும். காரீயம் நஞ்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் அதைக் கட்டுப்படுத்தியது. பதிலுக்கு வந்த வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை உருக 217 டிகிரி வேண்டும், கொஞ்சம் விறைப்பானதும்கூட. அந்தக் காலத்துக் கார்டுகள் செத்ததுக்கெல்லாம் இதுதான் காரணம் என்று சர்வீஸ் கடைகளில் இன்றும் சொல்வார்கள். பாதிதான் சரி.

2008 ஜூலை 2 அன்று என்விடியா ஒரு அறிவிப்பு வெளியிட்டது. லேப்டாப்பில் போட்ட சில முந்தைய தலைமுறை சிப்புகள் வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாகின்றன, அந்தச் செலவுக்காக 15 கோடியிலிருந்து 20 கோடி டாலர் வரை ஒதுக்குகிறோம் என்றது. அந்த அக்டோபரில் ஆப்பிளும் சில மேக்புக் ப்ரோக்களில் கோளாறு இருப்பதை ஒப்புக்கொண்டது. டெல், எச்பி கம்பெனிகள் ஃபேனை அதிக நேரம் ஓட்டும் பயாஸ் அப்டேட்களைக் கொடுத்தன. நோய்க்கு மருந்து அது இல்லை. அமெரிக்காவில் வழக்கு நடந்து 2010இல் சமரசம் ஆனது. சிலிக்கான் சில்லு குப்புறப் படுத்திருக்கும்; அதன் அடியில் நூற்றுக்கணக்கான நுண்ணிய ஈயப் புள்ளிகள்; அவைதான் அதை அடித்தட்டோடு பிணைக்கின்றன. சூட்டில் அடித்தட்டு சிலிக்கானைவிடப் பல மடங்கு அதிகமாக விரியும். நடுவே நிரப்பிய பசை சூட்டில் இளகிப்போனால் இழுபறி முழுவதும் புள்ளிகள் மேல் விழும். விரிசல் விடும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் காரீயம். 85 சதவீதத்துக்கு மேல் காரீயம் உள்ள கலவைக்கு ஐரோப்பியச் சட்டத்தில் விலக்கு உண்டு. அவை உருக 300 டிகிரி தாண்டணும்.

தம்பியின் ஹாட் ஏர் வைத்தியத்தை நான் மறுத்தது இதனால்தான். கார்டை ஓவனில் வைத்து 'பேக்' செய்த கதைகளைப் படித்திருப்பீர்கள். அந்தச் சூட்டில் சிப்பின் உள்புள்ளி உருகுவதில்லை. விரிந்த விரிசலின் இரண்டு முகமும் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். மூன்று வாரம் அதற்குப் பெரிய ஆயுள்.

மாமா கார்டுக்குள் உடைந்தது எது என்று எக்ஸ்ரே எடுக்காமல் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெரியும். இந்தப் புள்ளிகளைக் கொல்வது சூடு மட்டுமில்லை. சூடேறி ஆறி, சூடேறி ஆறி நடக்கிற எண்ணிக்கைதான். ஆபீஸ் கம்ப்யூட்டர் காலையில் ஒருமுறை சூடேறும், சாயங்காலம் ஆறும். புதுக்கோட்டையில் 2012இல்? சென்னையில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனபோது வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் போனது. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. யுபிஎஸ் ஃபைலை சேவ் பண்ணும் வரைதான் தாங்கும். ஒரே நாளில் அந்தக் கார்டு ஏழெட்டு முறை கொதித்துக் குளிர்ந்திருக்கிறது. எந்தக் கம்பெனியின் சோதனைக்கூடத்திலும் ஆலங்குடி ஃபீடரின் அட்டவணை இருந்திருக்காது. பதினொரு வருஷம் ஓடியதே பெரிசு.

மாற்றுக் கார்டு தேட வேண்டும். அந்த போர்டில் ஆன்போர்டு டிஸ்பிளே இல்லை. இங்கேதான் மாமாவின் அதிர்ஷ்டம். அவர் 2003இல் வாங்கியிருந்தால் ஸ்லாட் ஏஜிபியாக இருந்திருக்கும். 1997இல் இன்டெல் கொண்டுவந்த அது பத்து வருஷத்துக்குள் ஒழிந்தது, பழைய சாமான் கடையில்தான் கார்டு தேடணும். 2004இலிருந்து பலகைகளில் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் அப்படியில்லை. வேகம் தலைமுறைக்குத் தலைமுறை இரட்டிப்பானாலும் ஸ்லாட்டின் வடிவம் மாறவில்லை. புதுசு பழசில் பொருந்தும், பழசின் வேகத்தில் ஓடும்.

பொருந்துவது மட்டும் போதாது. எக்ஸ்பிக்கு டிரைவர் இருக்கணும், பழைய பயாஸோடு பேசணும், மாமாவின் பவர் சப்ளை தாங்கணும். மூன்றுக்கும் சரிவருவது 2009இல் வந்த ஜீஃபோர்ஸ் 210. முப்பது வாட் சொச்சம்தான் இழுக்கும். ஸ்லாட்டே 75 வாட் வரை தரும், தனி ஒயர் வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நண்பன் ஒருவன் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கி ராத்திரி பஸ்ஸில் பார்சல் போட்டான்.

காலையில் பழைய டிரைவரை எடுக்க வழியில்லை, திரை இல்லையே. கார்டை மாற்றிவிட்டு அப்படியே சுவிட்ச் போட்டேன். ஒரே ஒரு குட்டி பீப். கோடில்லாத கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள். எக்ஸ்பி 640க்கு 480இல், பதினாறு வண்ணத்தில், ஊதிப்போன மாதிரி எழுந்தது. டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் மாமா என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார். "தள்ளு மாப்ள, இனி எம் வேலை."

'மொய்2014' என்ற ஃபோல்டர். பதினோரு பக்கம் பிரிண்ட் எடுத்தார். பெரியவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இந்தப் பய அஞ்சாயிரமா செஞ்சான்? நான் மூணுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன். நாளைக்கி அவன் விருந்து."

பேனா கேட்டார். மாமா எடுத்துக் கொடுத்தார்.