வாரத்துக்கு அரைக் கிலோ

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிறது வல்லம் வடகால். அங்கே மின்னணுப் பொருள் கோர்க்கும் வரிசையில் மூன்று ஆண்டுகளாக நிற்கும் என் பழைய மாணவி ஒருத்தி, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வீட்டுக்கு வந்தாள். காபி கொடுத்தேன். சர்க்கரை வேண்டாம் என்றாள். பிறகு கைப்பேசியில் எழுதி வைத்திருந்த கணக்கைக் காட்டினாள். முதல் நாள் 58 கிலோ, நான்கு வாரம் கழித்து 52.5.

"அஞ்சரை கிலோம்மா. ஆரம்பத்துக்கு இது நல்ல வேகந்தானே? இல்ல, இன்னும் கொறைக்கணுமா?"

பெண் பார்க்க வந்தவர்கள், கொஞ்சம் இளைத்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து இரவு ஷிப்ட்டில் சாப்பாட்டை விட்டுவிட்டாள். விடிந்து அறைக்கு வந்தால் இரண்டு தோசை, சாயங்காலம் ஒரு டம்ளர் மோர். வரிசையில் நிற்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வருவதையும், மாதவிலக்கு பன்னிரண்டு நாள் தள்ளிப் போயிருப்பதையும் நான் கேட்ட பிறகுதான் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை கேள்வி வேகத்தைப் பற்றியது. மற்றவையெல்லாம் அதற்குக் கொடுக்கும் விலை.

நான் மருத்துவர் அல்ல, தமிழ் படித்தவள். பெண்ணுடல் மெலிவதைக் கணக்கெடுத்த முதல் கருவி எனக்கு ஏட்டில்தான் அறிமுகமானது. அது வளையல். சங்க அகப்பாடல்களில் தலைவி மெலிகிறாள் என்பதற்கு அடையாளம் வளை நெகிழ்வது. திருக்குறளில் 'உறுப்புநலன் அழிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே தோள் வாடுகிறது, தொடி கழல்கிறது. கொடியிடையைப் புகழ்ந்து தீராத மரபுதான் இது, மறுக்கவில்லை. ஆனாலும் அதே மரபு, விரைந்து மெலிவதை அழகாக அல்ல, துயரமாகப் படித்தது. வளை கழன்றால் தோழி பதறினாள், தாய் காரணம் தேடினாள். என் மாணவியின் கையில் வளையல் இல்லை. வரிசைக்குள் நகை கூடாது. அவளுக்கு இருப்பது மருந்துக்கடை வாசலில் நிற்கும் எடை மெஷின். அது எண்ணைச் சொல்லும், ஏன் என்று கேட்காது.

அந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. உடலுக்கு எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும் என்று அரசு கணக்குப் போட்ட காலம் ஒன்று நம் மண்ணிலேயே இருந்தது. 1876-78 பெரும் பஞ்சத்தில், வல்லம் வடகால் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டமும் சேர்ந்த சென்னை மாகாணம் பட்டினியில் கிடந்தது. 1877 தொடக்கத்தில் இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே கொஞ்சம் சில்லறை என்று வெட்டினார். மண் வெட்டிச் சுமக்கும் உடலுக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் பகிரங்கமாக எதிர்த்தார். அந்த ஆண்டிலேயே கூலியை ஓரளவு உயர்த்த வேண்டி வந்தது. சாப்பாட்டை எவ்வளவு வெட்டலாம், உடல் எவ்வளவு தாங்கும் என்ற வாதம் இங்கே முதலில் நடந்தது அழகுக்காக அல்ல, செலவுக் கணக்குக்காக.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் கணக்கு நாகரிகமடைந்தது. 1957ல் கூடிய 15வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க ஒருவருக்கு நாளுக்கு 2,700 கலோரி என்ற அளவை ஏற்றது. அதைப் பரிந்துரைத்த டாக்டர் அய்க்ராய்ட், நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்துக்கு இயக்குநராக இருந்தவர். தொழிலாளியான ஆண் ஓர் அலகு, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகளும் தலா 0.6. உழைக்கிறவர் என்றால் ஆண், பெண் அவருடைய வீட்டில் இருப்பவள் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொண்டது. இன்று வல்லம் வடகாலில் மட்டும், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கென்று சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டிருக்கிறது. 0.8 என்று எழுதப்பட்டவளே இப்போது இரவு முழுக்க வரிசையில் நின்று குடும்பத்துக்குச் சம்பளம் அனுப்புகிறாள்.

எடையைக் குறைக்கச் சொல்லும் அளவுகோல்களுக்கும் இதே குணம் உண்டு. பி.எம்.ஐ. என்று நாம் சொல்லும் கணக்குக்கு 1972ல் அந்தப் பெயரைச் சூட்டிய ஆன்செல் கீஸ் குழு, ஐந்து நாடுகளைச் சேர்ந்த சுமார் 7,400 பேரின் உடல்களை வைத்து அதைச் சோதித்தது. அத்தனை பேரும் ஆண்கள். அதே கீஸ் 1944-45ல் மின்னசோட்டாவில் நடத்திய பட்டினிச் சோதனையில் இருந்த 36 பேரும் ஆண்கள். ஆறு மாத அரைப்பட்டினியில் அவர்கள் எடையில் கால் பங்கை இழந்தார்கள், குளிரில் நடுங்கினார்கள், சோற்றைத் தவிர வேறு நினைப்பற்றுப் போனார்கள். மாதவிலக்கு நின்றுபோவது என்ற எச்சரிக்கையை அந்தச் சோதனை காட்டியிருக்க முடியாது.

'வாரத்துக்கு அரைக் கிலோ' என்ற அளவுக்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. 1958ல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர், ஒரு பவுண்டு உடல் எடைக்கு 3,500 கலோரி என்று கணக்கிட்டார். நாளுக்கு 500 குறைத்தால் வாரத்தில் ஒரு பவுண்டு, நம் கணக்கில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உடல் அப்படி நேர்க்கோட்டில் கரைவதில்லை என்று 2011ல் கெவின் ஹால் குழு காட்டியது. இளைக்க இளைக்க உடல் தன் செலவையும் குறைத்துக்கொள்கிறது. ஆனாலும் பாதுகாப்பான வேகம் என்ற அளவில் அரைக் கிலோ நிலைத்துவிட்டது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 உணவு வழிகாட்டி, வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது பாதுகாப்பானது என்றும், எடை குறைக்கும் உணவு நாளுக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகக்கூடாது என்றும் சொல்கிறது. அவசரத்தின் விலையையும் உலகம் பார்த்திருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சோற்றுக்குப் பதில் புரதத் திரவத்தை மட்டும் குடித்து இளைத்தவர்களில் 50க்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பதிவாகியிருக்கிறது.

இதையெல்லாம் நான் அன்று வகுப்பாக எடுக்கவில்லை. ஒரு தாளில் அவளுடைய கணக்கை எழுதினேன். அரைக் கிலோ வீதம் நான்கு வாரத்துக்கு 2 கிலோ. அவள் இழந்தது அதைப்போல் இரண்டே முக்கால் மடங்கு. எடை கூடியவர்கள் பத்தில் ஒரு பங்கை ஆறு மாதத்தில் குறைப்பதுதான் முதல் இலக்கு என்கிறது 1998ல் வந்த அமெரிக்க அரசு வழிகாட்டி. 58 கிலோவில் பத்தில் ஒரு பங்கு 5.8. ஆறு மாதத்து வேலையை இவள் ஒரே மாதத்தில் முடித்திருக்கிறாள்.

"மொத வாரமே ரெண்டரை கிலோ போச்சும்மா, அதான் சந்தோஷமா இருந்துச்சு."

அதில் பெரும்பகுதி தண்ணீர் என்றேன். சாப்பாடு குறைந்ததும் உடல் முதலில் சேமித்து வைத்த மாவுச்சத்தை எடுக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் வெளியேறுகிறது. அதனால் முதல் வாரத்து எண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டாம், அடுத்த வாரம் வேகம் குறைந்ததும் சாப்பாட்டை இன்னும் வெட்டவும் வேண்டாம். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் நீர் கோத்து எடை ஏறும், அது கொழுப்பு அல்ல. வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் நிறுத்து, நான்கு வாரத்தைச் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து போனால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடும். கொழுப்போடு தசையும் கரையும். இரண்டு, மூன்று மாதம் கழித்து முடி கொட்டும்போது காரணம் இன்னதென்றே நினைவிருக்காது. மாதவிலக்கு தள்ளிப்போனால், நிற்கையில் கண் இருட்டினால், மெஷின் எந்த எண்ணைக் காட்டினாலும் அந்த வேகம் தவறு, மருத்துவரைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம் என்று சொல்வதும் அதே கணக்கெடுப்புதான். பல பெண்களுக்கு இரண்டும் ஒரே உடலில் இருக்கும். குறைக்க வேண்டியவள் குறைக்கட்டும். ஆனால் சோற்றோடு சேர்த்துக் கீரையையும் முட்டையையும் பருப்பையும் வெட்டுகிறவள் எடையை மட்டும் இழப்பதில்லை.

மறுவாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்தாள். ஹீமோகுளோபின் 9.2. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இரவுச் சாப்பாட்டை மறுபடி தொடங்கினாள், சோற்றைக் கொஞ்சம் குறைத்து, முட்டையும் சுண்டலும் சேர்த்து.

பங்குனியில் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஒன்றரை கிலோ ஏறிடுச்சும்மா. 54."

"மாதவிலக்கு?"

"ரெண்டு மாசமா சரியா வருது. கண்ணு இருட்டுறதும் இல்ல." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ஆனா அவங்க வீட்ல கேட்டா என்னம்மா சொல்றது?"

தொடங்கியதிலிருந்து பத்து வாரத்தில் 4 கிலோ. வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இப்போதுதான் சரியான வேகத்துக்கு வந்திருக்கிறாய் என்றேன். அவர்கள் வீட்டுக்கு என்ன சொல்வது என்பதற்கு வழிகாட்டி எதிலும் பதில் இல்லை. கூலி கொடுத்தவர்களும் பெண் பார்க்க வந்தவர்களும் இந்த உடலுக்கு எத்தனையோ அளவு சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் இருந்து இரவெல்லாம் நிற்கிறவள் சொல்லும் அளவை யாரும் கேட்டு எழுதியதில்லை. அதை அவள்தான் எழுத வேண்டும். கைப்பேசிக் கணக்கில் எடைக்குப் பக்கத்தில் மாதவிலக்குத் தேதியையும் தலைசுற்றிய நாட்களையும் குறித்து வைக்கச் சொன்னேன். ஏற்கெனவே குறிக்கத் தொடங்கிவிட்டதாகச் சொன்னாள்.