கோவென்ட்ரி லேத்தும் ஓசூர் லேத்தும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூருக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களில் கணினி வழி இயங்கும் சி.என்.சி. லேத்தில் நிற்பவர்கள் உண்டு. டிராயிங் வரும், அதிலுள்ள அளவுக்குப் பிசகாமல் கடைந்து கொடுப்பார்கள். காரின் அச்சைக் கடையும் லேத், பீரங்கிக் குண்டின் உறையையும் கடையும். அப்படிப்பட்ட பொருள்களை இராக்குக்கு விற்கக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதை நாடாளுமன்றத்திடம் மறைத்த பிரிட்டிஷ் அரசு, ஒரே ஓட்டில் தப்பிய கதை இது.

கோவென்ட்ரி நகரில் லேத் தயாரித்த நிறுவனம் மேட்ரிக்ஸ் சர்ச்சில். 1987-ல் அது இராக்கியர் கைக்குப் போனது. ஈரானுக்கும் இராக்குக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. போரை நீட்டிக்கும் தளவாடங்களை இரு நாடுகளுக்கும் விற்பதற்கு, வெளியுறவு அமைச்சர் ஜெஃப்ரி ஹவ் வகுத்த கட்டுப்பாடுகள் 1985-ல் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டிருந்தன. 1988 ஆகஸ்டில் போர் நின்றது. அந்த டிசம்பரில் மூன்று இளநிலை அமைச்சர்கள் அக்கட்டுப்பாடுகளைத் தங்களுக்குள் தளர்த்திக்கொண்டார்கள். நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்கவில்லை. உறுப்பினர்கள் கேட்டபோது பழைய கொள்கையே நீடிக்கிறது என்று பதில் போனது.

1990-ல் சதாம் உசேன் குவைத்தைப் பிடித்தார். அதன் பிறகு, இராக்குக்கு லேத் ஏற்றுமதி செய்தது தொடர்பாக மேட்ரிக்ஸ் சர்ச்சில் நிர்வாகிகள் மூவர் மீது சுங்கத்துறை வழக்குத் தொடுத்தது. ஏற்றுமதி உரிமம் கொடுத்ததும் அரசு. சிறைக்கு அனுப்பப் பார்த்ததும் அரசு. மூவரில் ஒருவரான பால் ஹெண்டர்சன், இராக் பற்றிப் பிரிட்டிஷ் உளவுத்துறைக்கே தகவல் தந்துவந்தவர். ஆனாலும் அரசு ஆவணங்களை நீதிமன்றத்தில் காட்டக் கூடாது என்று அமைச்சர்கள் நால்வர் கையெழுத்திட்டார்கள். அவற்றில் பலவற்றை வெளியிட நீதிபதி உத்தரவிட்டார். முன்னாள் அமைச்சர் ஆலன் கிளார்க் சாட்சிக்கூண்டில் ஏறியபோது, அரசுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்ற உண்மை வெளிவந்தது. 1992 நவம்பர் 9 அன்று வழக்கு சரிந்தது.

நீதிபதி ரிச்சர்ட் ஸ்காட் விசாரணைக்கு அமர்த்தப்பட்டார். 1996 பிப்ரவரி 15-ல் வெளியான அவரது அறிக்கை 1,800 பக்கங்களைத் தாண்டியது. எதிர்க்கட்சியின் ராபின் குக்குக்கு அதை முன்கூட்டிப் படிக்கக் கிடைத்தவை சில மணி நேரமே. அறிக்கை மீதான பிப்ரவரி 26 வாக்கெடுப்பில் பிரதமர் ஜான் மேஜரின் அரசு 320-க்கு 319 என்று தப்பியது.

அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது. ராபின் குக் வெளியுறவு அமைச்சரானார். ஆயுத ஏற்றுமதி உரிமங்கள் பற்றிய ஆண்டறிக்கை 1999 முதல் வெளிவந்தது. அதே ஆண்டில் நான்கு நாடாளுமன்றக் குழுக்கள் சேர்ந்து அதை ஆராயத் தொடங்கின. 1939-ன் போர்க்கால அவசரச் சட்டம் போய், 2002-ல் புதிய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இதனால் தவறான விற்பனை எல்லாம் நின்றுவிடவில்லை. ஆனால், எந்த நாட்டுக்கு எதற்கு உரிமம் கொடுத்தீர்கள் என்று அமைச்சரை உட்காரவைத்துக் கேட்க ஓர் இடம் உண்டானது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அந்த வழக்கு சரிந்த அதே 1992-ல்தான் நமது அயல்நாட்டு வர்த்தக (மேம்பாடு, ஒழுங்குமுறை) சட்டமும் பிறந்தது. அதன் கீழ், ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு ஸ்காமெட் என்ற பட்டியல் இருக்கிறது. அதில் வரும் போர்த்தளவாடங்களுக்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறை அனுமதி தரவேண்டும். நுட்பமான சில லேத் வகைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. 2019-ல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று. 2013-14-ல் 686 கோடி ரூபாயாக இருந்த இந்தியாவின் பாதுகாப்பு ஏற்றுமதி, 2024-25-ல் 23,622 கோடியாக வளர்ந்துவிட்டது.

வளர்ச்சி நல்லது, வேலை வருகிறது. கணக்கு கேட்பது யார்? பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 1993 முதல் இருக்கிறது. மானியக் கோரிக்கைகளை அது ஆராய்கிறது. ஆனால் எந்த நாட்டுக்கு என்ன உரிமம் என்பதை ஆண்டுதோறும் சபையில் வைக்கும் கடமை அரசுக்கு இல்லை. இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்புவதை நிறுத்தக் கோரிய பொதுநல வழக்கை 2024 செப்டம்பர் 9-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெளியுறவுக் கொள்கை அரசின் வேலை, நீதிமன்றத்தின் வேலை அல்ல என்றது. அப்படியானால் கேட்கவேண்டிய இடம் நாடாளுமன்றம் மட்டுமே.

அஞ்செட்டி மலையில் ஒரு விவசாயி நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்க 1959-ன் ஆயுதச் சட்டம் உரிமம் கேட்கிறது. ஆள் யார், எதற்கு என்று விசாரிக்கிறது. அது சரிதான். பல்லாயிரம் கோடிக்குக் கடல் கடக்கும் ஆயுதங்களுக்கும் அந்தக் கேள்வி மக்கள் மன்றத்தில் எழவேண்டும். ராணுவ ரகசியம் காக்கப்படவேண்டியதே. அதற்கு மூடிய அறையில் கூடும் குழு போதும். ஆண்டறிக்கை ஒன்று, அதை ஆராயத் தனிக்குழு ஒன்று: இந்த இரண்டையும் கேட்கும் முதல் குரல் கிருஷ்ணகிரித் தொகுதியிலிருந்தே எழட்டும். உங்கள் எம்.பி. ஊருக்கு வரும்போது இதைக் கேளுங்கள்.